உடைமரத்தடி ஆள்

அச்சங்குளத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் குருவம்மாள் இருபது வருடமாக வேலை பார்க்கிறாள். இன்ஸ்பெக்சன் நாளில் மட்டும் அவள் அங்கே இருக்க மாட்டாள். இல்லாமல் இருப்பதும் அவளுடைய வேலையில் ஒரு பகுதிதான், அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்.

ஓர் அறையில் நாலு பேர்தான் உட்கார வேண்டும் என்பது சட்டம். ஆர்டர் குவிந்துவிட்டால் ஆறு பேர், ஏழு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து தரைச்சக்கரம் சுற்றுவார்கள். ஜீப் சாத்தூர் ரோட்டை விட்டுத் திரும்புகிறது என்று தகவல் வந்ததும் போர்மேன் சங்கிலிமுத்து அறை அறையாக வந்து வாயைத் திறக்காமல் கையை மட்டும் ஆட்டுவான். கூடுதல் ஆட்கள் பசைக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து, பின்பக்க வேலியைத் தாண்டி, அங்கே கூட்டமாக நிற்கும், முள் நிறைந்த உடைமரங்களுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். தூக்குச்சட்டி, பை, செருப்பு எல்லாவற்றையும் ஒரு சாக்கில் அள்ளிப் போட்டு ஸ்டோரில் பூட்டிவிடுவான் சங்கிலிமுத்து. யாராவது கேட்டால் விறகு பொறுக்க வந்தவர்கள் என்று சொல்ல வேண்டும். கையில் ஒரு சுள்ளியை வைத்துக்கொண்டு குருவம்மாள் உட்கார்ந்திருக்கிற தோரணையைப் பார்த்தால் எந்த அதிகாரியும் நம்பிவிடுவார். அதனாலேயே அவன் முதலில் கை காட்டுவது அவளைத்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் அப்படி ஒரு நாள். காலையில் வந்த ஜீப் சாயங்காலம் வரை நகரவில்லை. குருவம்மாள் மரத்தடியில் உட்கார்ந்து கால் நகத்தில் காய்ந்திருந்த பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய செல்போன் வழக்கம்போல கேட்டில் இருந்த தகரப்பெட்டிக்குள் கிடந்தது. கம்பெனிக்குள் செல்போன் ஆகாது. எல்லாரும் கேட்டில் வாட்ச்மேன் ஊர்க்காவலனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அணைத்துக் கொடுக்க வேண்டும் என்பது விதி, ஆனால் பாதிப் பேருக்கு அணைக்கத் தெரியாது, ஆகவே பெட்டி நாள் பூராவும் முனகிக்கொண்டே இருக்கும். அடுத்தவர் போனைத் தொடுவதில்லை என்பது ஊர்க்காவலனின் கொள்கை. அன்று அந்தப் பெட்டியில் விடாமல் முனகியது குருவம்மாளின் போன்.

ஆஸ்திரேலியாவில், அடிலெய்டில் நர்ஸாக இருக்கிற அவளுடைய ஒரே மகள் சொர்ணலட்சுமி, ஆறு மாதக் கருவை இழந்துவிட்டு ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டுக் கொண்டிருந்தாள். புருசன் அன்பரசன் லாரி எடுத்துக்கொண்டு எங்கோ பாலைவன ரோட்டில் போயிருந்தான். சாயங்காலம் குருவம்மாள் போனை எடுத்தபோது மகள் அழுது முடித்திருந்தாள்.

"எங்கம்மா போன?" என்று மட்டும் கேட்டாள்.

மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று எந்தத் தாய் சொல்லுவாள்? தன் புருசன் செத்தபோதுகூடக் குருவம்மாள் அப்படி உடைந்துபோகவில்லை.

இந்த வருடம் தை மாதம் சொர்ணம் ஒரு முடிவோடு பேசினாள். பெற்றவர்களைக் கூட்டிப்போய் மூன்று வருடம் கூடவே வைத்துக்கொள்ள ஒரு விசா இருக்கிறது, அதற்கு எழுதிப் போட்டாயிற்று, மெட்ராஸில் ஒரு ஆஸ்பத்திரியில் உடம்பைக் காட்ட வேண்டும், அது தேறிவிட்டால் கிட்டத்தட்ட முடிந்த மாதிரி என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, முழுகாமல் இருக்கிறேன் என்றும் சொன்னாள். ஐப்பசியில் பிரசவம்.

"யம்மா, உனக்கு சுகர் இருக்கு, பிரஷர் இருக்குன்னு எழுதித்தான் போட்டிருக்கேன். டாக்டர் கேட்டா உள்ளதச் சொல்லு, என்ன?"

"சரித்தா."

சரி என்று சொன்னாளே தவிர மனம் ஒப்பவில்லை. சர்க்கரை வியாதி இருக்கிறது என்று நாமே எழுதிக் கொடுத்துவிட்டு விசாவும் கேட்டால் எவன் கொடுப்பான்? இவ்வளவு படித்தும் இந்தப் பிள்ளைக்கு விவரம் பத்தவில்லையே என்று இரண்டு நாள் புலம்பினாள். அப்புறம் விவரம் தெரிந்த ஆளைத் தேடிப் போனாள். அவளுக்குத் தெரிந்து விவரமான ஆள் சங்கிலிமுத்து ஒருத்தன்தான். இத்தனை வருடமாகக் கம்பெனிக்குச் சீல் விழாமல் காப்பாற்றி வந்தவன் அல்லவா?

அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"யக்கா, இது என்னது? இன்ஸ்பெக்சன். இன்ஸ்பெக்சன்னா நாம என்ன செய்வோம்?"

"ரூமைக் காலி பண்ணுவோம்."

"அம்புட்டுத்தான். இதுக்குப் போயி இம்புட்டு யோசிக்கீகளே!"

அவ்வளவுதான், குருவம்மாளுக்குத் தெளிவு பிறந்துவிட்டது. உடம்பையும் காலி செய்துவிட வேண்டியதுதான். மாத்திரை உள்ளே போனால் ரத்தத்தில் காட்டிக்கொடுத்துவிடும் என்று அன்றைக்கே நிறுத்தினாள். மிச்சம் இருந்த மாத்திரை அட்டைகளைத் துவரம்பருப்பு டின்னுக்குள் புதைத்தாள். காலையும் மாலையும் பாகற்காயை இடித்துச் சாறு குடித்தாள். முகம் அஷ்டகோணலாகப் போகும், ஆனாலும் ஒரு மடக்கு விடமாட்டாள். அவளோடு ஒரே அறையில் சக்கரம் சுற்றுகிற பொன்மணிக்கு இது பிடிக்கவில்லை.

"மதினி, இது நல்லதுக்கில்ல. சுகர் மாத்திரைய யாராச்சும் பாதியில நிறுத்துவாகளா?"

"நீ சும்மா இரு புள்ள. சோதிக்க வாறவன் கண்ணுல எதுவும் படக்கூடாது. படலேன்னா இல்ல."

பங்குனியில் பொன்மணியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மெட்ராஸ் போனாள். அந்த ஆஸ்பத்திரியில் ஏசி குளிர் எலும்பைப் பிடித்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையை வைக்கச் செம்புத் தகடு எங்கே என்று தேடினாள். கம்பெனியில் அறைக்குள் நுழையும்முன் உடம்பில் உள்ள கரண்ட் இறங்கட்டும் என்று அந்தத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இங்கே தகடு இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இரும்புக் கதவை நன்றாகத் தடவிவிட்டு உள்ளே போனாள். நர்ஸ் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டாக்டர் நரைத்த தலையுடன் இருந்த ஓர் அம்மாள். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"உடம்புக்கு ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்லீங்க."

"மாத்திரை எதாவது சாப்பிடறீங்களா?"

"தலைவலிச்சாக்கூடப் போடுறதில்லீங்க."

டாக்டர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "சுகர், பிரஷர் ரெண்டும் இருக்குன்னு உங்க பொண்ணு எழுதியிருக்காங்களே?"

குருவம்மாளுக்கு உடைமரத்தடியில் சுள்ளியைக் கையில் எடுத்துக்கொள்கிற அதே பழக்கம் வந்து கைகொடுத்தது.

"அவ சின்னப்புள்ளங்க. தெரியாம எழுதியிருப்பா."

டாக்டர் அதையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டார். ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் கேட்டார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள். ஊர் திரும்புகிற வழியெல்லாம் குருவம்மாளுக்கு ஒரே பெருமை. ஒரு கேள்விக்குக்கூடத் தடுமாறாமல் பதில் சொன்னதைப் பொன்மணியிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். பொன்மணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பெருமை ரொம்ப நாள் நிற்கவில்லை. சொர்ணம் வீடியோவில் வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"மாத்திரைய நிறுத்துனியாம்மா?"

"அது வந்து..."

"சுகர் எக்கச்சக்கமா ஏறிக் கெடக்கு. யூரின்ல புரோட்டீன் போகுது. கிட்னி கெட்டுப்போச்சான்னு கேக்குறாங்க. அதுகூடப் பரவால்ல. மக சொல்றது ஒண்ணு, அம்மா சொல்றது ஒண்ணு, ரெண்டுல எது பொய்னு கேட்டிருக்காங்க. என்னைப் பொய்க்காரியாக்கிட்டியேம்மா."

குருவம்மாளின் கண் துவரம்பருப்பு டின் பக்கம் போனது.

"மறுபடி ஒரு தடவ சான்ஸ் குடுத்திருக்காங்க. ஒழுங்கா ஒரு டாக்டர்கிட்ட காமிச்சு, மூணு மாச சுகர் டெஸ்ட், கிட்னி டெஸ்ட் எல்லாம் எடுத்துட்டு அதே மெட்ராஸ் ஆஸ்பத்திரியில போயி நிக்கணும். அதுலயும் சரியில்லேன்னா இனிமே இல்ல." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போன தடவ நான் தனியா கெடந்தேன். இந்தத் தடவ நீ இருப்பேன்னு நெனச்சிட்டேன். அதான் தப்பு."

போன் அணைந்தது. குருவம்மாள் எழுந்து போய் துவரம்பருப்பு டின்னைத் தரையில் கவிழ்த்தாள். பருப்பு சிதறி ஓட, நடுவில் மாத்திரை அட்டைகள் கிடந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். தன்மேல் அவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

மறுநாள் காலையில் கம்பெனி வேனில் ஏறாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாள். அங்கே டாக்டர் பிரீத்திகா. சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற குடும்பத்துப் பெண், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை, கொஞ்சம் வெடுக்கென்று பேசும். குருவம்மாள் ஒன்று விடாமல் ஒப்பித்தாள். பாகற்காய்ச் சாறு வரைக்கும்.

"யாரும்மா உங்களுக்கு இந்த யோசனை சொன்னது?"

"எங்க போர்மேன்."

"அவரு கையில கெடச்சா அவருக்கு நான் ஒரு ஊசி போடுவேன்." பிரீத்திகா சிரிக்காமலே சொன்னாள். "சுகர் இருக்கிறதுக்காக யாரும் உங்கள வேண்டாம்னு சொல்லல. உலகத்துல யாருக்குத்தான் இல்ல? அது அடங்கி இருக்கான்னுதான் பாக்குறாங்க. நீங்கதான் அதை அவுத்து விட்டுட்டீங்களே."

"இனிமே அடங்குமா தாயி?"

பிரீத்திகா ரத்தமும் சிறுநீரும் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "கிட்னி இன்னும் மோசமாகல. அடக்கலாம். ஆனா இன்சுலின் போடணும். நேரத்துக்குச் சாப்பிடணும். நடக்கணும். எங்கிட்ட எதையும் மறைக்கக்கூடாது. முடியுமா?"

குருவம்மாள் ஊசியைப் பார்த்தாள். ஊசி என்றால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உயிர் நடுங்கும். சேலையை ஒதுக்கி வயிற்றைக் காட்டினாள்.

"குத்து. எங்கன குத்தணும்னு எனக்கும் சொல்லிக்குடு."

அதிலிருந்து அவள் ஆளே மாறிப்போனாள் என்று சொன்னால் அது பொய். ஒரு வாரம் எல்லாரிடமும் எரிந்து விழுந்தாள். சோற்றைக் குறைத்ததில் கண் இருட்டியது. ஆனால் விடவில்லை. விடியற்காலையில் கண்மாய்க்கரையில் நடந்தாள், நாய்கள் முதலில் குரைத்தன, பிறகு அவைகளும் கூட நடந்தன. கம்பெனியில் சாயங்காலம் வேலை முடிந்ததும் ஆளுக்கொரு துண்டு கருப்பட்டி தின்பார்கள், தொண்டையில் படிந்த தூசி இறங்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை. குருவம்மாளின் பங்கைப் பொன்மணி வாங்கித் தன் முந்தானையில் முடிந்துகொள்ள ஆரம்பித்தாள். குருவம்மாள் அந்த முடிச்சை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்வாள். டீக்காரன் அவள் டம்ளரில் தப்பித்தவறிச் சர்க்கரை போட்டுவிட்டால் அறையே சேர்ந்து அவனை ஏசியது.

வைகாசியில் ஒரு நாள், வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தபோது, ஜீப் வந்தது. சங்கிலிமுத்து வந்து கையை ஆட்டினான். குருவம்மாளும் பொன்மணியும் பழக்கத்தில் எழுந்து போய் உடைமரத்தடியில் உட்கார்ந்தார்கள். தூக்குச்சட்டி சாக்குக்குள் போய்விட்டது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்தது, போனது. ஜீப் நகரவில்லை.

குருவம்மாளுக்கு முதலில் கை நடுங்கியது. பிறகு குப்பென்று வேர்த்தது. எதிரே இருந்த வேலி இரண்டாகத் தெரிந்தது. பொன்மணி என்னவோ கேட்டாள், அது எங்கிருந்தோ கேட்டது. சர்க்கரை இறங்குகிறது, ஊசி போட்டவள் பட்டினி கிடக்கக்கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னாளே என்று நினைத்தாள், எழுந்திருக்க முடியவில்லை. அப்படியே சாய்ந்தாள்.

"மதினி! வாயத் தெறங்க மதினி!"

பொன்மணி முந்தானை முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, கருப்பட்டித் துண்டை அவள் வாயில் திணித்தாள். இன்னொன்றையும் திணித்தாள். இனிப்பு தொண்டையில் இறங்க இறங்க, வேலி மறுபடி ஒன்றானது.

குருவம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். இதே மரம். இங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் அங்கே ஒரு பிள்ளை போனது. இன்றைக்கு இங்கேயே தானும் போயிருந்தால், விறகு பொறுக்க வந்த யாரோ ஒருத்தி செத்துக் கிடக்கிறாள் என்று எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். இத்தனை காலம் இல்லாதவளாக இருந்தது போதும் என்று தோன்றியது. கோபத்தில் கால் தானாக எழுந்தது.

"எங்க போறீக மதினி?"

"சோறு திங்கப் போறேன்."

வேலியைத் தாண்டி நேரே ஸ்டோருக்குப் போனாள். சங்கிலிமுத்து அவசரத்தில் பூட்ட மறந்த கதவு திறந்திருந்தது. சாக்கைக் கொட்டித் தன் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு, சாப்பாட்டுக் கொட்டகையில் நடுநாயகமாக உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். இரண்டு அதிகாரிகள் சங்கிலிமுத்துவோடு பேசிக்கொண்டே அந்தப் பக்கம் வந்தார்கள். சங்கிலிமுத்துவின் முகம் செத்துவிட்டது.

"நீங்க யாரும்மா?" என்றார் ஓர் அதிகாரி.

"இங்கன வேல பாக்குறவ சார். குருவம்மாள். தரைச்சக்கரம் சுத்துறேன்."

"அந்த ரூம்ல நாலு பேரு இருக்காங்களே?"

"நான் அஞ்சாவது ஆளு. பொன்மணி ஆறாவது ஆளு. அங்கன மரத்தடியில உக்காந்திருக்கா. சுகருக்கு ஊசி போட்டிருக்கேன் சார், நேரத்துக்குச் சாப்பிடணும். சாப்பிட்டுட்டுப் பேசட்டுமா?"

கம்பெனிக்கு நோட்டீஸ் வந்தது. முதலாளி சங்கிலிமுத்துவைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். சங்கிலிமுத்து பல நாள் குருவம்மாளின் முகத்தில் விழிக்கவில்லை. இனி வேனில் தனக்கு இடம் இருக்காது என்றுதான் அவளும் நினைத்தாள். ஆனால் அவளை நிறுத்திவிட்டால் ஜீப் அதற்கும் வரும் என்று முதலாளிக்கு யாரோ புத்தி சொல்லியிருந்தார்கள். பூட்டிக் கிடந்த இரண்டு அறைகளைத் திறந்து கழுவிவிட்டார்கள். அதில் ஒன்றில் குருவம்மாளும் பொன்மணியும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். நாலு பேர். காற்று வந்தது, காலை நீட்ட முடிந்தது. இதை முன்னமே செய்யலாமே என்று யாரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் அது தோன்றியது.

ஆனி முடிகிற சமயம் மறுபடி மெட்ராஸ். அதே குளிர், அதே நரைத்த தலை டாக்டர். அவர் வாயைத் திறக்கும்முன் குருவம்மாள் பையை மேஜைமேல் கவிழ்த்தாள். மாத்திரை அட்டைகள், இன்சுலின் பேனா, ஊசி டப்பா, டெஸ்ட் ரிப்போர்ட்டுகள், அவசரத்துக்கு வைத்திருக்கும் கருப்பட்டி.

"சுகர் இருக்கு. பிரஷர் இருக்கு. முட்டி வலிக்கும். இந்தக் கையில இருக்கிற தழும்பு சின்ன வயசுல மத்தாப்பு சுட்டது. பின்னாடி ஒரு பல்லு ஆடுது. போன தடவ ஒண்ணும் இல்லேன்னு சொன்னது பொய்யி. எம்மக எழுதுனதுதான் நெசம். அத மொத எழுதிக்கங்க டாக்டரம்மா. அவ பொய் சொல்லமாட்டா."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "போன தடவை ஏன் அப்படிச் சொன்னீங்க?"

குருவம்மாள் சொன்னாள். ஜீப், சங்கிலிமுத்து கையை ஆட்டுவது, சாக்கு, சுள்ளி, உடைமரம், அங்கே உட்கார்ந்திருந்தபோது வந்த போன் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார். ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"முடிவு என் கையில இல்லம்மா. நான் பார்த்ததை எழுதுவேன், அவ்வளவுதான்." நிமிர்ந்து பார்த்தார். "நான் பார்த்தது நல்லா இருக்கு."

அப்புறம் காத்திருப்பு. ஆடி பிறந்தது, சீசன் சூடுபிடித்தது. சாத்தூருக்குப் போய் குருவம்மாள் கண்ணாடி வளையல்கள் வாங்கி வந்து வைத்தாள், பச்சையும் சிவப்பும். மகளுக்கு வளைகாப்புப் போடத் தன் கையால் கொண்டுபோக வேண்டும் என்று ஆசை. விசா வராவிட்டால் அந்த வளையல்களை என்ன செய்வது என்று நினைக்கும்போதெல்லாம் பொட்டலத்தைப் பிரித்து மறுபடி எண்ணுவாள். தினமும் காலையில் போனைக் கொடுக்கும்போது ஊர்க்காவலனிடம் கெஞ்சுவாள்.

"மாமா, எம்மக படம் வந்தா மட்டும் எடுத்துரு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"அடுத்தவுக போனத் தொடமாட்டேன்னு சொல்லியிருக்கேன்ல" என்பார் அவர். ஆனால் அந்த ஒரு போனைப் பெட்டிக்குள் போடாமல் தன் ஸ்டூல்மேல் தனியாக வைத்துக்கொண்டார். இரண்டு வருடத்துக்கு முன் அது முனகி முனகி ஓய்ந்ததை அவரும் மறக்கவில்லை.

ஆவணி தொடக்கத்தில் ஒரு மத்தியானம், அறை வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் ஊர்க்காவலன். கேட்டை விட்டு அந்த மனிதர் இத்தனை தூரம் வந்து யாரும் பார்த்ததில்லை. கம்பெனிக்குள் ஓடக்கூடாது. ஓடாமல் எவ்வளவு வேகமாக வர முடியுமோ அவ்வளவு வேகமாக வந்ததில் மூச்சு இரைத்தது. அந்த அவசரத்திலும் வாசலில் செருப்பைக் கழற்றி, செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் பேசினார்.

"ஏத்தா குருவம்மா. போன எடுத்துட்டேன்."

குருவம்மாளின் கையில் பாதி சுற்றிய சக்கரம்.

"கெடச்சிருச்சாம். மூணு வருசமாம். உன் உடம்பு தேறிருச்சாம். பிள்ள இன்னும் லைன்லதான் இருக்கு, ஸ்டூல்ல வச்சிட்டு வந்திருக்கேன்."

குருவம்மாள் சக்கரத்தை மெதுவாகத் தட்டில் வைத்தாள். அங்கே கத்தக்கூடாது, குதிக்கக்கூடாது, எதையும் தவறவிடக்கூடாது. நாலு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டு, வெறுங்காலோடு வரிசையாக வெளியே வந்தார்கள். அடுத்த அறைகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. விசயம் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் காதோடு காதாகப் போனது. கேட்டை அடைவதற்குள் பின்னால் ஒரு பெரிய கூட்டம் சேர்ந்துவிட்டது. ஸ்டோர் வாசலில் நின்ற சங்கிலிமுத்து யாரையும் தடுக்கவில்லை. "போயிட்டு வாங்கக்கா" என்றான், பல வாரத்துக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் பேச்சு.

ஊர்க்காவலன் போனைக் கையில் கொடுத்தார். கேட்டுக்குப் பக்கத்தில் சத்தம் போட்டால் வாகாக இருக்காது என்று பொன்மணிதான் எல்லாரையும் வெளியே சுற்றி அழைத்துப்போனாள். வேறு எங்கே? கால்கள் தாமாகவே உடைமரத்தடிக்குப் போய் நின்றன. இத்தனை காலம் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்த இடம்.

பொன்மணி இரண்டு கையையும் வாயருகே குவித்து முதல் குலவையை விட்டாள். அடுத்து எல்லாரும். உடைமரத்துக் கொக்குகள் கலைந்து பறந்தன. ரோட்டில் போன மினி பஸ் நின்று பார்த்தது. குருவம்மாளும் குலவையிட முயன்றாள், அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் சத்தம் எங்கேயோ போனது, ஆனாலும் விடாமல் இட்டாள்.

போனில் சொர்ணத்தின் குரல் கத்திக்கொண்டிருந்தது.

"யம்மா! யம்மா, இருக்கியா? ஒரே சத்தமா இருக்கு, எங்கம்மா இருக்க?"

குருவம்மாள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இருக்கேன்த்தா. எல்லாரும் பாக்க இங்கனதான் நிக்கேன். வளையல் வாங்கி வச்சிட்டேன், ஐப்பசிக்கு முன்ன அங்கன இருப்பேன்."